ஷூவுக்குள் சாவி

மகள் இன்னும் எழவில்லை. நர்ஸம்மா வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் சீட்டு எழுதினாள்.

"கண்ணு, டிபன் ஹாட்பாக்ஸ்ல இருக்கு. மறக்காம பூட்டிட்டுப் போ. சாவி, நேத்து ராத்திரி உனக்கு வாங்கின புது ஷூவுக்குள்ள இருக்கு."

பேனா அங்கேயே நின்றுவிட்டது. பரீட்சை வருஷம், விளையாட்டு பீரியடிலும் படிக்கட்டுமே என்று, பிள்ளைக்கு மூச்சிரைப்பு என்று பள்ளிக்கு எழுதிக் கொடுத்தவள் அவள்தான். நர்ஸ் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? மகளே நம்பிவிட்டாள். ஒரே ஓட்டமாக மாடியேறுகிற பிள்ளை, நேற்று மூன்றாம் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, "எனக்கு எப்போம்மா சரியாகும்?" என்று கேட்டது. "நடிக்காதடி!" என்று எரிந்து விழுந்தாள் இவள்.

மறுபடி எழுதினாள்.

"நேத்து திட்டினதுக்கு மன்னிச்சுடு. நடிச்சவ நான்தான். உனக்கு ஒண்ணுமே இல்ல, எப்பவும் இருந்ததில்ல. உன்னைப் படிக்க வைக்கப் பொய் சொல்லிட்டேன். டியூட்டி முடிஞ்சதும் ஸ்கூலுக்கு வந்து உண்மையைச் சொல்லிடறேன்."

தாள் நிறைந்துவிட்டது. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்.

"ஷூ பெருசா இருக்கலாம். கடைக்காரர் கேட்டப்போ உன் கால் அளவு எனக்குத் தெரியல. கோவத்துல என்கிட்ட பேசலைன்னாலும் பரவாயில்ல, கண்ணு. ஓடு, அது போதும்."