பொம்மனஹள்ளி தாண்டிய பிறகு சொன்னது

எதிர்க்கட்சித் தலைவர் அவர்களுக்கு,

இன்று காலை பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் இருந்த பெண் ஒரு கமலா ஆரஞ்சை உரித்தாள். நம் ஃபாக்டரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இன்ஜினியர். காதில் ஒயரைச் செருகிக்கொண்டு அவள் பாட்டுக்கு உரித்தாள். தோல் கிழிந்து அந்த வாசனை கிளம்பியதுதான் தாமதம், என் இரண்டு கைகளும் என்னைக் கேட்காமலே எழுந்து என் கண்களைப் பொத்திக்கொண்டன. அவள் பதறிப்போய் ஒயரைப் பிடுங்கினாள்.

"ஸாரி அங்கிள், கண்ணுல பட்டிடுச்சா?"

"இல்லம்மா."

"அப்புறம் ஏன் பொத்திக்கிட்டீங்க?"

பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அவசரப்படாதே. உனக்கு இனிமேல் எந்த ஷிஃப்டும் கிடையாது.

ஹோசூர் ரோடு நீ விட்டுப்போன இடத்திலேயே இருக்கிறது. அதாவது, நகராமல் இருக்கிறது. இப்போது நடுவில் மேம்பாலத்துக்குத் தூண் நடுகிறார்கள். மடிவாளாவில் மாட்டிக்கொண்ட கல்யாண கோஷ்டி பொம்மனஹள்ளி வந்து சேர்வதற்குள் பெண்ணுக்கு வளைகாப்பு முடிந்துவிடும் என்று நான் சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? "போன வாரம் காதுகுத்துன்னு சொன்னே, இந்த வாரம் வளைகாப்பா? ஒரு பொய்யையாவது ஒழுங்கா மெயின்டெயின் பண்ணுப்பா" என்பாய். உலகத்தில் என் பொய்களின் பராமரிப்பைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே மனிதன் நீ.

நம் பஸ் சபை எப்படித் தொடங்கியது என்று இப்போது யாருக்கும் தெரியாது. தொண்ணூற்றொன்றின் கடைசியில் காவிரித் தகராறில் ஊர் எரிந்து அடங்கிய பிறகு, மர்பி டவுனிலிருந்து மறுபடி ஃபாக்டரி பஸ் ஓடிய முதல் நாள் அது. பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் கன்னடம். அதுவரை ஒருவர் டிபன் டப்பாவில் ஒருவர் கைவிட்டுச் சாப்பிட்டவர்கள், அன்றைக்கு அவரவர் டப்பாவை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான்கூட வாயைத் திறக்கவில்லை. நான் பிறந்தபோது அழுததற்குப் பிறகு இந்த நகரம் அனுபவித்த முதல் நிம்மதி அது. மடிவாளாவில் பஸ் நின்றது. நீ எழுந்து நின்றாய். ஐயோ, இவன் நியாயம் பேசப்போகிறான், உதை வாங்கப்போகிறோம் என்று நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நீ டிரைவர் நஞ்சுண்டாவைப் பார்த்து, கன்னடத்தில், மிகவும் கவலையாகக் கேட்டாய்: "ராத்ரி மொசரு தின்த்ரெ நெகடி ஆகுத்தா?"

இரவில் தயிர் சாப்பிட்டால் சளி பிடிக்குமா! ஊரே எரிந்து முடிந்திருக்க, இவனுக்குத் தயிர்!

முதலில் யாரோ சிரித்தார். பிறகு யாரோ பிடிக்கும் என்றார். இன்னொருவர், அவர் கன்னடக்காரர், அதெல்லாம் மூடநம்பிக்கை என்றார். ஒரு தமிழர் அவரை ஆதரித்தார். பொம்மனஹள்ளி வருவதற்குள் பஸ் இரண்டு கட்சியாகிவிட்டது. ஆனால் அது வேறு இரண்டு கட்சி. தயிர்க் கட்சி, தயிர் எதிர்ப்புக் கட்சி. அன்று மாலை திரும்பும்போது நீ அப்படியே மாற்றிப் பேசினாய். காலையில் பிடிக்காது என்றவன், மாலையில் பிடிக்கும் என்றாய். நான் கோபித்துக்கொண்டேன். அப்போதுதான் என் காதோடு சொன்னாய்: "எது எவன் கருத்துன்னே தெரியாத எடத்துல எவனுக்கும் அடி விழாதுப்பா."

அதுவே சட்டமாயிற்று. காலையில் நீ ஒரு பக்கம், நான் எதிர்ப்பக்கம். மாலையில் இடம் மாற வேண்டும். மடிவாளா நெரிசலுக்கும் பொம்மனஹள்ளிக்கும் இடையில் பேசுவது சபைப் பேச்சு. அது யாருக்கும் சொந்தமில்லை. நஞ்சுண்டா சபாநாயகர். காலையில் பொம்மனஹள்ளியில், திரும்பும்போது மடிவாளாவில், அவர் நீளமாக ஒரு ஹாரன் அடித்தால் சபை கலைந்தது. அதற்கு அப்புறம் பேசுவதெல்லாம் அவரவர் நிஜம்.

எத்தனை விவாதங்கள்! ஹெல்மெட் போட்டால் முடி கொட்டுமா என்று நீ பேசிய அன்று, பின்சீட்டில் இருந்த வழுக்கைத் தலையர் எழுந்து நின்று, தான் வாழ்நாளில் சைக்கிள்கூட ஓட்டியதில்லை என்று சாட்சி சொன்னார். கிரகணத்தன்று சாப்பிடலாமா என்ற விவாதத்தின் நடுவில், தர்க்கத்தைப் பரிசோதிக்க நான் உன் இட்லியைத் தின்றேன். இரண்டாயிரம் பிறக்கும் நொடியில் கம்ப்யூட்டர்கள் குழம்பி விமானங்கள் விழுமா என்றபோது, எனக்கு வாய்த்தது விழும் கட்சி. ஏர்போர்ட் ரோட்டில் மட்டும் முந்நூறு விமானங்களை விழவைத்தேன். "ஒண்ணாவது நம்ம ஃபாக்டரி மேல விழுதா பாரு, லீவு கெடைக்கும்" என்றாய். பெண்களை இரவு ஷிஃப்டுக்கு அனுப்பலாமா என்ற அன்று மட்டும் காலையில் பேசியதையே மாலையிலும் பேசினாய். சட்டத்தை மீறினாய் என்று நஞ்சுண்டா பஸ்ஸை நிறுத்திவிட்டார். அன்றைக்கு மட்டும்தான் உன் உள்பக்கம் வெளியே தெரிந்தது.

இதற்கெல்லாம் நடுவில் உன் ஆரஞ்சு. மார்க்கெட்டில் எது மலிவோ அந்தப் பழம் என்பார்கள் மற்றவர்கள். நீ என்ன விலை விற்றாலும் கமலா. நீ உரிப்பாய், நான் தோலைப் பிடுங்கி உன் கண்ணுக்கு நேரே மடித்துப் பிழிவேன். இருபது வயசுப் பையன்கள் செய்தாலே செவிட்டில் அறையலாம். நாற்பது தாண்டிய இரண்டு குடும்பஸ்தர்கள்.

கண்தான விவாதம் ஒருநாள் வந்தது. ஃபாக்டரி கேட்டில் அதற்குப் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். காலையில் உன் முறை கொடுக்கலாம் என்பது. "சாம்பலாப் போறதுதானே, இன்னொருத்தன் பார்த்துட்டுப் போகட்டுமே. வாடகைக்குக்கூட விடல, சும்மா கெடந்து எரியுது" என்றாய். பஸ் கை தட்டியது. மாலையில் கூடாது என்றாய். "அடுத்த ஜென்மத்துல நான் குருடாப் பொறந்தா நீயா வந்து கையப் பிடிப்பே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாய். பஸ் அதைவிடப் பலமாகக் கை தட்டியது. காலையில் மனம் மாறியவர்கள் மாலையில் திரும்ப மாறினார்கள். அப்படி ஒரு தொண்டை உனக்கு. விதான சௌதாவில் பேசியிருந்தால் தூண்களே கட்சி மாறியிருக்கும்.

உன் சாவுக்கு வருகிறேன். இந்த இடத்தில் என்னிடம் உள்ள யானைப் பொய், மலைப் பொய், முந்நூறு விமானம் எதுவும் உதவ மாட்டேன் என்கிறது. ஒரு சனிக்கிழமை காலையில், லீவு நாளில், பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அவ்வளவுதான். நான் வந்தபோது வாய் ஓரத்தில் பேஸ்ட் நுரை காய்ந்திருந்தது. அதை யாரும் துடைக்கவில்லை. நான் துடைத்தேன்.

தெருமுனை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி உன் மனைவி சரோஜாவிடம் கேட்டார். "கண்ணு குடுக்கறதா இருந்தா ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும்மா. நீங்க முடிவு பண்ற வரைக்கும் ஃபேன நிறுத்திடுங்க. கண்ணு மேல ஈரப் பஞ்சு வெச்சு, தலைக்கு உசரமா ஏதாவது குடுங்க." ஃபேனை நான் நிறுத்தினேன். பஞ்சை நனைத்து வைத்ததும் நான்தான். சரோஜா அதுவரை அழுதுகொண்டிருந்தவள், அழுகையை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆம்பூரிலிருந்து முந்தின நாளே வந்திருந்த அவள் அண்ணன் எழுந்தார். "கண்ண எடுத்துட்டு அனுப்பறதா? மாப்ளயே கூடாதுன்னுதான் பேசினாரு. குருடாப் பொறந்தா எவன் கையப் பிடிப்பான்னு எங்கிட்டயே கேட்டாரு."

"அது சாயங்காலம் பேசினதுங்க" என்றார் நம் பஸ்ஸில் வரும் தேவராஜ். "காலையில குடுக்கணும்னுதான் பேசினாரு. நான் ரெண்டு காதாலயும் கேட்டேன்."

"இன்னாய்யா இது, காலைக்கு ஒண்ணு, சாயங்காலத்துக்கு ஒண்ணு? மனுசன் பேச்சா, மருந்து மாத்திரையா?"

நீ இருந்திருந்தால் அந்த மனிதரைக் கட்டிக்கொண்டிருப்பாய். வாசலில் நின்ற நஞ்சுண்டாவைக் கேட்டார்கள். சபாநாயகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நானு ஏன் ஹேள்லி? பெளிகே கொடபேக்கு அந்த்ரு, சஞ்செ கொடபாரது அந்த்ரு." அவர் என்ன சொல்லுவார், பாவம். காலையில் கொடுக்கணும் என்றாய், மாலையில் கூடாது என்றாய். இரண்டையும் நிஜம்போலவே பேசினாய். அடி விழாமல் இருக்க நீ போட்ட சட்டம், பத்து வருஷம் கழித்து உன் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. வீடு நிறைய ஆட்கள். உன் மனதில் என்ன இருந்தது என்று சொல்ல ஒருவர் இல்லை.

சரோஜா என்னிடம் திரும்பினாள். "அண்ணா, நீங்க சொல்லுங்க. உங்க வாயில வர்றதுல முக்காவாசி டூப்புன்னு எனக்குத் தெரியும். அவரே சொல்லிச் சிரிப்பாரு. இன்னைக்கு ஒரு நாளைக்கு நெஜத்தச் சொல்லுங்க. தப்பாப் பண்ணிட்டா அவருகிட்ட போயி கேக்கக்கூட முடியாது."

என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த விவாதத்துக்குச் சில நாள் கழித்து, ஒரு காலையில், வழக்கம்போல நான் தோலைப் பிழிய வந்தேன். நீ இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, "டேய், பாத்து! இது அடுத்தவன் சொத்து. நான் சும்மா பாத்துக்கறேன், அவ்ளோதான்" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரித்தாயா என்று தெரியாது, முகம்தான் மூடியிருந்ததே. அதைச் சொன்னேன்.

சரோஜா ஒரு கேள்வி கேட்டாள். உன்னோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவள் அல்லவா?

"எங்க வெச்சு சொன்னாரு? பொம்மனஹள்ளிக்கு முன்னாடியா, தாண்டியா?"

"தாண்டி" என்றேன்.

என் வாழ்நாளில் நான் பேசியதிலேயே மிகச் சின்னப் பேச்சு அது.

"அப்ப சரி" என்றாள். அண்ணன் ஏதோ சொல்ல வந்தார். "விடுண்ணே. அவரு சொல்லிட்டாரு" என்றாள். நீ சொல்லிவிட்டாயாம்.

கண் வங்கிக்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். உன் முகம் தூங்குகிற முகமாகவே இருந்தது. ஆம்பூர்க்காரர்கூட அருகில் போய்ப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். இரண்டு பேருக்கு வைப்பார்கள் என்று சொன்னார்கள், யாருக்கு என்று சொல்ல மாட்டார்களாம். ஆக, உன் காலைக் கண் ஒருவரிடம், மாலைக் கண் இன்னொருவரிடம். இந்த நகரத்தில் யாராவது என்னை நம்பாத பார்வை பார்த்தால் நான் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன். என்னை நம்பாதவர்கள் இந்த நகரத்தில் அதிகம். அதனால் எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேர முடிவதில்லை.

இப்போது நான் கேட்க வந்தது. தாண்டியா சொன்னாய்?

எனக்குத் தெரியவில்லை. அன்று தெரிந்த மாதிரிதான் இருந்தது. தோலை ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. சில நாள் நினைத்துப் பார்த்தால் பஸ் வேகமாகப் போகிறது, காற்று உன் தலைமுடியைக் கலைக்கிறது, தோல் எங்கோ பின்னால் பறந்துபோகிறது. அப்படியானால் தாண்டித்தான். சில நாள் அதே தோல் பக்கத்தில் நிற்கும் ஒரு ஸ்கூட்டர்காரர் மடியில் விழுகிறது, அவர் நிமிர்ந்து என்னைத் திட்டுகிறார். நெரிசல் இல்லாமல் அவர் ஏன் அங்கே நிற்க வேண்டும்?

நஞ்சுண்டா ரிட்டயர் ஆன அன்று அவரைத் தனியாக இழுத்துக் கேட்டேன். ஹாரன் அடித்த பிறகா, முன்னாலா? பத்து வருஷம் நாம் சத்தியமாக நம்பிய அந்த மனிதர் சாவதானமாகச் சொன்னார்: "ஹாரனா? பொம்மனஹள்ளிலதான் அடிப்பேன்னு யாரு சொன்னாங்க ஸ்வாமி? நீங்க ரொம்ப ரம்பம் போட்டா நான் முன்னாடியே அடிச்சிருவேன்." நிஜத்துக்கும் விளையாட்டுக்கும் நடுவில் நாம் நட்டுவைத்த எல்லைக்கல்லை அந்த ஆள் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறார்! நான் சிரிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் என் தோளைப் பிடித்துக்கொள்ளும்படி ஆகிவிட்டது.

சரோஜாவிடம் இதைச் சொன்னதில்லை. போன தீபாவளிக்குப் போனபோது அவளாகவே சொன்னாள். "அவரு இப்ப எங்கயோ யாருக்கோ டிவி பாத்துட்டிருப்பாரு, இல்லண்ணா? கிட்ட போயி பாக்காதீங்கன்னு சொன்னா கேக்கவே மாட்டாரு." ஆமாம்மா என்றேன். அந்த ஒரு வாக்கியத்தில் அவள் குடியிருக்கிறாள். அதன் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்க நான் யார்?

சபை இப்போது இல்லை. இந்த பஸ்ஸில் எல்லோருக்கும் கருத்து இருக்கிறது. காலையில் இருப்பதே மாலையிலும் இருக்கிறது. யாரும் யாரோடும் பேசுவதில்லை. எனக்கு இன்னும் சில மாதங்கள்தான், அப்புறம் நானும் இறங்கிவிடுவேன். எதிர்ப்பக்கம் பேச ஆள் இல்லாமல் நானே இரண்டு பக்கமும் பேசிக்கொள்கிறேன். இரண்டிலும் தோற்கிறேன்.

அந்தப் பெண் கேட்டாளே, ஏன் கண்ணைப் பொத்தினீர்கள் என்று? கையை எடுக்காமலே சொன்னேன். "இது அடுத்தவங்க சொத்தும்மா. நான் சும்மா பாத்துக்கறேன்."

அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. "ஓகே அங்கிள்" என்று ஒரு சுளையை நீட்டினாள். ஒரு கையை மட்டும் எடுத்து வாங்கிக்கொண்டேன். பிறகுதான் மற்றக் கையையும் எடுத்து, ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, எந்த இடம் என்று கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன்.

பொம்மனஹள்ளி தாண்டியிருந்தது. எனக்குச் சாட்சி இருக்கிறது.