ஆளுநர் போடாத கையெழுத்து

தம்பிக்கு,

பதவியேற்பு மேடையில் உன் பக்கத்தில் நிற்கச் சொல்லி அழைப்பு வந்தது. இரண்டாம் முறையும் ஆளுநர். சந்தோஷம்.

அப்பலாச்சிய மலைச் சுரங்கத் தொழிலாளிகளின் வக்கீலாகத்தான் நீ ஆரம்பித்தாய். அவர்கள் ஓட்டில்தான் ஆளுநராகவும் ஆனாய். சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் உன் மேஜைக்கு வந்ததும் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினாய். மூன்றே மாதத்தில் சுரங்கம் இடிந்து ஆறு பேர் செத்தார்கள்.

இடிந்த சுரங்கத்தின் வாசலுக்குப் பளபளக்கும் பூட்ஸோடு வந்து பன்னிரண்டு நிமிடம் இருந்தாய். மகனைப் பறிகொடுத்த டெல்ஃபாவின் தோளில் கைபோட்டு, "நானும் உங்க பிள்ளைதாம்மா" என்றாய்.

"என் பிள்ளை உள்ள கிடக்கான். நீங்க கேமராவப் பாத்துப் பேசுங்க, அதான உங்களுக்குப் பழக்கம்" என்றாள் அவள்.

நீயும் கேமராவைப் பார்த்தாய். செத்தவர்களின் பெயர்களை வாசித்தபோது, என் கணவர், உன் அத்தான் பெயரைக்கூடத் தாளைப் பார்த்துத்தான் வாசித்தாய்.

மேடைக்கு வரமாட்டேன். அன்றைக்கு விசாரணைக் குழு முன்னால் நான் சாட்சி சொல்ல வேண்டும். சட்டத்தைத் திருப்பி அனுப்பியதற்கு முதல் நாள், என் சமையலறையில் நின்று சுரங்க முதலாளியிடம் போனில், "சட்டம் செத்தாச்சு, நிம்மதியா இருங்க" என்று சிரித்தாயே, அதைச் சொல்லப்போகிறேன்.

அன்று நான் கேட்டும் கேட்காதவள்போல உனக்குக் காப்பி ஊற்றினேன். அதையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

உன் அக்கா