கோரை வேரில் கிடைத்தது

அன்புள்ள அப்பாவுக்கு,

புனேவிலிருந்து ஹேமலதாவின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா?

"தோல் கம்பெனித் தண்ணி பாஞ்ச நெலம், அதுல இன்னாமா கீது?" என்று கேட்டுக்கொண்டே கோரையை வேர்மண்ணோடு அனுப்பினீர்களே, அந்த வேரிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்துவிட்டேன். பேசில்லஸ் வகை என்று சோதனையில் தெரிந்தது. அதைக் கலந்த தண்ணீரில் நனைத்து, நம் மண்ணை நிரப்பிய தொட்டியில் விதைத்த பத்து வேர்க்கடலையில் ஏழு முளைத்தன. நனைக்காததில் ஒன்றுகூட இல்லை. சந்தோஷத்தில் பர்னரில் விரலைச் சுட்டுக்கொண்டேன், சின்னக் காயம்தான்.

நிலத்தில் பலிக்குமா என்று இன்னும் தெரியாது. நிலத்தை விலைக்கு வாங்க வருபவரிடம் தை வரை பொறுக்கச் சொல்லுங்கள், அப்பா.

இன்னும் ஒரு கிலோ மண் வேண்டும். பையில் கட்டி, மேலே அம்மா உடுத்திய புடவை ஒன்றைச் சுற்றி அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

லேபில் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் ஹேமா