தண்ணீர் கேட்டு வந்த பிள்ளை

என் உசிருக்கு உசிரான மாமா,

திட்டுவதற்கென்றே உட்கார்ந்தேன். கை என்னவோ இப்படித்தான் எழுதுகிறது. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. கயல் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். முகாம் வாசல் சுவரில் நீங்கள் விட்டுப்போன பாதியை உங்களோடு பெயிண்ட் வேலைக்கு வந்தவர்கள் அடித்து முடித்துவிட்டார்கள். இரண்டு நீலமும் ஒட்டவில்லை. நீங்கள் பார்த்திருந்தால் மொத்தத்தையும் சுரண்டச் சொல்லியிருப்பீர்கள்.

நல்ல சேதி அவ்வளவுதான். எதிர் வீட்டுப் பரமேசம்மாவிடம் சொல்லிவிட்டேன் மாமா. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கீரமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? மூன்று நாளும் எங்களிடம் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. பாட்டிலில் கொண்டுவந்ததையே குடித்தீர்கள். "நம்ம வீட்டுத் தண்ணி அந்தத் தம்பிக்கு எறங்காதாமா?" என்று என் அம்மாவுக்குக் கோபம். கேம்ப் ஆள் என்று எங்கேயோ யாரோ தனி டம்ளர் நீட்டி அவமானப்படுத்தியிருப்பார்கள், அந்த ரோஷம்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த ரோஷம் எனக்குப் பிடித்துப்போனது. வீட்டில் சண்டை போட்டு உங்களைக் கட்டிக்கொண்டு இந்த இலங்கை அகதிகள் முகாமுக்கு வந்தேன். தப்பாகப் புரிந்துகொண்டு செய்த கல்யாணம் நம்முடையது.

அது தப்பு என்று எனக்கு எப்போது தட்டுப்பட ஆரம்பித்தது? கயலுக்கு ஒன்றரை வயது. இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் சோறு ஊட்டினேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் எல்லா அம்மாக்களும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "வாயத் தொற. இல்லாட்டி புள்ள புடிக்கிறவன் வந்துருவான்."

பிரஷ் கழுவிக்கொண்டிருந்த நீங்கள் எழுந்து வந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டீர்கள். நான் கதவைத் தட்டித் தட்டிக் கத்தினேன். எந்தக் கிறுக்கனுக்கு வாக்கப்பட்டேன் என்று தெரு கேட்கப் பேசினேன். கதவைத் திறந்தபோது உங்கள் சட்டை வேர்த்து நனைந்திருந்தது. குழந்தை தூங்கிவிட்டிருந்தது.

அன்றைக்குத்தான் பாதியைச் சொன்னீர்கள். எங்களுக்குச் சோறூட்டும் கதையில் வருகிற ஆள், உங்கள் ஊரில் பட்டப்பகலில் வண்டியில் வந்தான். பதினைந்து வயதில் ட்யூஷன் முடிந்து சைக்கிளில் வந்த உங்களை இயக்கத்துக்காரர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். முடியை ஒட்ட வெட்டினார்கள். பத்து நாள் கம்பை வைத்துப் பயிற்சி, பதினோராம் நாள் துப்பாக்கி. வானத்திலிருந்து ராணுவத்தின் குண்டு, தரையில் இவர்கள். பிள்ளைகள் எந்தப் பக்கம் ஓடுவது என்று கேட்டேன். நீங்கள் எழுந்து மறுபடி பிரஷ் கழுவப் போனீர்கள்.

மீதிப் பாதியை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கென்று வைத்திருந்தீர்கள். இனிப் பிழைக்கமாட்டோம் என்று தெரிந்த பிறகு சொன்னீர்கள். அதற்குத்தான் உங்கள் மேல் எனக்குக் கோபம்.

பதினாறு வயதில் உங்களுக்கு வேறு வேலை கொடுத்தார்கள். சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் கேட்க வேண்டும். பெரிய ஆள் என்றால் தாய்மார் கதவைத் திறக்கமாட்டார்கள், சின்னப் பையன் என்றால் திறப்பார்கள். குடிக்கிற நேரத்தில் கொடியில் காயும் துணியைப் பார்க்க வேண்டும். எந்த அளவுச் சட்டை, எத்தனை சட்டை என்று வந்து சொல்ல வேண்டும். மறுநாள் அந்த வீட்டுக்கு வண்டி போகும். எங்கள் வீட்டில் நீங்கள் தண்ணீர் வாங்கிக் குடிக்காதது ஏன் என்று இதைக் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது.

ஒரு வீட்டில் கொடி காலியாக இருந்தது. அந்த அம்மா கெட்டிக்காரி, ஈரத் துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போட்டிருந்தார். நீங்கள் வெறுங்கையோடு திரும்பியிருக்கலாம். ஆனால் அவர் உங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். பிடிக்கிறவர்களுக்குப் பயந்து ஓடித் திரிகிற பிள்ளை என்று நினைத்துவிட்டார். தண்ணீரோடு ஒரு துண்டு வெல்லமும் கொடுத்து, கொல்லைக்குக் கூட்டிப்போய் ஓலையை விலக்கிக் காட்டினார். கீழே குழிக்குள் அவருடைய மகன் சசி உட்கார்ந்திருந்தான். "நீயும் இதுக்குள்ள ஒளிச்சிரு மோனை" என்று உங்களிடம் சொன்னார். மோனை என்றால் உங்கள் ஊரில் மகனே.

நீங்கள் போய்ச் சொன்னீர்கள். மறுநாள் வண்டி போனது. மூன்றாம் வாரம் ஷெல் விழுந்து சசி உங்கள் கண்முன்னால் செத்தான். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நீங்களே குழி வெட்டிப் புதைத்தீர்கள்.

கயல் என் வயிற்றில் இருந்தபோது, வேறு முகாமிலிருந்து மாற்றலாகி எதிர் வீட்டுக்கு வந்தாரே பரமேசம்மா, அவர்தான் அந்த அம்மா. மகனின் போட்டோவை லேமினேட் செய்து வைத்துக்கொண்டு, புதிதாக யாரைப் பார்த்தாலும் நீட்டிக் கேட்கிறவர். உங்களிடமும் நீட்டினார். பார்க்கவில்லை என்று சொன்னீர்கள். தாடி வைத்த ஆளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அதன் பிறகு அவருக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்ததென்ன, கூரை மாற்றியதென்ன, கந்தர்வக்கோட்டைக்கு பைக்கில் ஏற்றிப்போய் டாக்டரிடம் காட்டியதென்ன! பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யாது என்று முகாமே பேசியது. உங்களைச் சுடுகாட்டுக்குத் தூக்கிய அன்று தலைமாட்டில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதவரும் அவர்தான். எனக்கு எல்லாம் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அது என்ன நரகம் என்று உங்களுக்குத் தெரியுமா மாமா?

"சொல்லுறதும் விடுறதும் உன்ர விருப்பம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். சாமர்த்தியம்தான்.

சொல்லாமலே விட்டிருப்பேன். ஆனால் போன மாதம் பரமேசம்மா ஊருக்குத் திரும்ப மனுப்போட்டார். நாளும் குறித்து வந்துவிட்டது. அறுபத்தெட்டு வயதில், முழங்கால் மடங்காத மனுஷி, தனியாகப் போய் ஊர் ஊராக மகனைத் தேடப்போகிறேன் என்றார். அவன் வந்து வீடு பூட்டிக் கிடப்பதைப் பார்த்துத் திரும்பிப் போயிருந்தால் என்ன செய்வது என்று என்னிடமே கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கயலைக் கடைக்கு அனுப்பிவிட்டுப் போனேன். பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். முதலில் சசி இல்லை என்று சொன்னேன். பிறகு உங்களைப் பற்றிச் சொன்னேன். எதையும் விடவில்லை. அவர் அழவில்லை. அடுக்கின சேலையை எடுத்து மடியில் வைத்து மறுபடி மடித்தார்.

"தண்ணி கேட்டு வந்த பெடியனே?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"அவனையும் பிடிச்சுப்போட்டாங்கள் எண்டெல்லோ இவ்வளவு காலமும் நினைச்சனான். கோயிலில சசிக்கு நேரேக்க அந்தப் பிள்ளைக்கும் சேர்த்தெல்லோ நேர்ந்தனான்."

என்னால் தாங்க முடியவில்லை. "அப்ப அவருக்குப் பதினாறு வயசுதாம்மா" என்று சொல்லிவிட்டேன். உங்களுக்காக ஒரு வார்த்தை பேசாமல் எப்படி வருவேன்?

"என்ர பிள்ளைக்குப் பதினஞ்சு" என்றார்.

உங்களை அனுப்பிய பெரியவர்கள் எவரும் யார் வீட்டு எதிரிலும் இப்படி முகத்தை ஒளித்துக்கொண்டு வாழவில்லை மாமா. கணக்குக் கேட்பது எல்லாம் பிள்ளைகளிடம்தான். செத்த பிள்ளையிடமும் கொன்ற பிள்ளையிடமும். ஆனால் இதை அந்த அம்மாவிடம் போய் எந்த வாயால் சொல்வது?

வியாழக்கிழமை அவர் கிளம்பினார். தேடுவதற்கு இல்லை. பள்ளிக்கூடத்தின் பெயரை என்னிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார். சுவாமிப் படங்களோடு வைத்திருந்த உங்கள் போட்டோவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கயல் "அம்மம்மா" என்று அவரைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவள் தலையைத் தடவினார். என்னிடம் மட்டும் சொன்னார்:

"உன்ர மனுசனுக்கு நான் அழுதது அழுததுதான். அதைத் திருப்பி எடுக்கேலாது. இனி அழமாட்டன்."

ஆட்டோ திரும்புகிற வரை நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று நான் கேட்கவும் இல்லை. கேட்பதற்கு நாம் யார்?

போட்டோவைப் பார்த்துக் கயல் கேட்கிறாள், அம்மம்மா ஏன் அப்பாவை விட்டுவிட்டுப் போனார் என்று. இப்போது சொல்ல மாட்டேன். அவளுக்குப் பதினைந்து முடியட்டும். அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று முதலில் சொல்வேன். அழுவாள். அப்பா பாவம் என்பாள். அதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசையாக இருக்கும் தெரியுமா? நிறுத்த மாட்டேன். சசியின் பெயரையும் அவளுக்குச் சொல்வேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. அதற்குப் பிறகும் அவள் உங்களுக்காக அழுதால், அந்த அழுகை உங்களுக்கு நிலைக்கும்.

கயலின் அம்மா,
இன்னமும் உங்கள் பெண்டாட்டி,
செல்வி