சிசிலி அக்காவுக்கு எந்த நன்றி?

மொன்றியல்
14.09.2003

அன்பின் சிசிலி அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் சுகம். அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசை நடந்ததா? இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை. கோபமா அக்கா? என் அகதி வழக்கு முடியாமல் செத்தவீட்டுக்குக்கூட வர வழியிருக்கவில்லை.

இங்கே எனக்கு ஒரு குழப்பம். பக்கத்து ஊர் புரோசார்ட்டில் நான் வேலை செய்யும் பேக்கரி ஹொங்கொங் ஆட்களுடையது. அவர்களுடைய கன்ரனீஸில் நன்றிக்கு இரண்டு சொல். யாராவது எங்களுக்காகக் கதவைத் திறந்து பிடித்தால், தட்டை எடுத்துத் தந்தால், இப்படி ஒரு வேலை செய்து தந்தால் 'ம்கோய்'. பரிசு தந்தால் 'தோஜெ'. நான் மாற்றி மாற்றிச் சொல்லித் தொலைக்கிறேன். இந்தக் கிழமை முதலாளியம்மா மிஸிஸ் லாவ் தங்கள் பெருநாளுக்கு மூன் கேக் பெட்டி ஒன்று தந்தா. நான் 'ம்கோய்' என்றேன். கடையே சிரித்தது. அது தன்னுடைய வேலை இல்லையாம், விருப்பத்தோடு தந்ததாம்.

அன்று முழுக்க உங்கள் நினைவுதான். ஐந்து வருஷம் படுக்கையில் கிடந்த அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, வந்த சம்பந்தத்தையும் வேண்டாம் என்றீர்கள். அது வேலையா, பரிசா? எந்தச் சொல் சரி? இவரிடம் கேட்டேன். "உனக்கென்ன விசரே? தேத்தண்ணியைக் கொண்டா" என்றார்.

அன்புத் தங்கை
இமெல்டா

மன்னார்
02.10.2003

இமெல்டாவுக்கு,

பூசை நன்றாக நடந்தது. உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். எனக்கும் குழப்பம்தான். வேலை என்றால் யார் தந்த வேலை? பரிசு என்றால் விரும்பித் தந்திருக்க வேண்டும். எல்லா நாளும் நான் விரும்பிச் செய்யவில்லை. சில நாள் அம்மாவுக்கு உடுப்பு மாற்றிக்கொண்டே உன்னைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். அம்மாவைத் தூக்கித் தூக்கி என் முதுகும் போய்விட்டது.

கோபமா என்று கேட்கிறாய். ஓம். ஒவ்வொரு கடிதத்திலும் அம்மாவின் சாப்பாடு, அம்மாவின் மருந்து, அம்மாவின் நித்திரை எல்லாம் கேட்டாய். என்னை ஒருநாளும் கேட்கவில்லை.

எது சரியென்று உன் முதலாளியம்மாவிடம் கேட்டு எழுதாதே. பிழையாக இருந்தாலும் பரவாயில்லை, இரண்டில் ஒன்றை ஒருதரம் சொல்லியிருக்கலாமே.

சிசிலி

மொன்றியல்
26.10.2003

அக்கா,

எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். எது சரியென்று இன்னமும் தெரியவில்லை. மிஸிஸ் லாவிடம் கேட்கவும் இல்லை.

ம்கோய், அக்கா. தோஜெ, அக்கா.

உங்கள் முதுகு இப்போது எப்படி இருக்கிறது?

இமெல்டா