சுவெட்டருக்கு மேல பார்த்த பிரஷர்

அன்பு மக சுகிர்தத்துக்கு, கொழும்பிலேர்ந்து அம்மா எழுதுறது. மாதா புண்ணியத்துல நான் இருக்கேன். ஒனக்கு முட்டி வலி எப்படி? மருமகன் நேரத்துக்குச் சாப்பிடுறாரா?

பயப்படாம படி. போன கெழமை, நான் வேலை பார்க்குற நோனா வீட்டு மாடிப்படியில தலை சுத்தி உட்கார்ந்துட்டேன், அவ்வளவுதான். நோனா கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க வேலை பழகுற ஒரு புள்ள என்னை உட்கார வச்சு, கொஞ்ச நேரம் ஆறவிட்டு, சட்டைக் கையை ஏத்திவிட்டுத்தான் பிரஷர் பார்த்துச்சு. ரொம்பக் கொறஞ்சு கெடக்காம். மாத்திரை கூடிப்போச்சுன்னு டொக்டர் பாதியாக்கிட்டாரு.

நம்ம தோட்டத்துல மருந்து குடுக்குற டிஸ்பென்சர் என்ன செஞ்சான்? தேயிலைக் கொழுந்தோட மலையேறி மூச்சு வாங்க வந்த என்னை நிக்க வச்சு, சுவெட்டருக்கு மேலயே பட்டியைச் சுத்தி, "கெழவிக்கு மலையளவு பிரஷர்"னு சிரிச்சுக்கிட்டே இந்த மாத்திரையைக் குடுத்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்கல, மன்னிக்கவும் மாட்டேன்.

ஒனக்கும் அப்படித்தானே பார்த்து மாத்திரை குடுத்தான்? நீயா நிறுத்திடாத. நுவரெலியா ஆஸ்பத்திரியில திரும்பப் பாரு. ஷெரோமியையும் கூட்டிட்டுப் போ. படிப்பு முடிஞ்சதும் அந்த டிஸ்பென்சர்கிட்டதான் என் பேத்தி வேலை பழகப் போறா. சரியாப் பார்க்கிறது எப்படின்னு மொதல்ல கண்ணால பார்த்துக்கட்டும்.

நம்ம தோட்டத்துத் தேயிலை கொஞ்சம் அனுப்பு. இங்க தேத்தண்ணி வாயில வைக்க முடியல, கூட உட்கார்ந்து குடிக்கவும் ஆளில்ல. ஒடம்பு ஓய்ஞ்சு வருது. நோனா கூப்பிடுறாங்க.

பதிலை ஷெரோமி எழுதட்டும். நீ எழுதினா நல்லா இருக்கேன்னுதான் எழுதுவ.

அம்மா ஆரோக்கியம்