மூன்றாவது மீன் படம்

இன்று காலை கரண்ட் இல்லை. மழை இருட்டில் அரிசி கழுவிக்கொண்டிருந்த என் மனைவி, கல் கிடக்கிறதா பார்க்க வேண்டும், டோர்ச் பிடியுங்கள் என்றாள். அவள் தோளுக்கு மேலிருந்து நேராக அடித்தேன். சட்டி முழுக்க ஒரே வெள்ளை, அரிசியே தெரியவில்லை. என் கை தானாக டோர்ச்சைச் சட்டியின் ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் பிடித்தது. அடியில் கிடந்த அரிசி நன்றாகத் தெரிந்தது. "பரவாயில்லையே, இத எங்க கத்துக்கிட்டீங்க?" என்றாள். உன் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ போய் இரண்டு வருடமாகிறது. இன்னும் உன் மேல் எனக்குப் பொறாமை போகவில்லை.

நான் கண்டி டவுனில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். இருபது வருடமாகக் கல்யாண வீடுகளில் வெளிச்சம் அடித்தே பிழைத்தவன். நீ கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் கண்ணாடித் தொட்டி மீன் விற்றவன். இருவரும் மஹய்யாவயில் பக்கத்துப் பக்கத்து வீடு. என்னைவிட மூன்று வயது இளையவன் என்பதால் அண்ணே என்பாய். படம் பிடிப்பது என் வேலை, மீன் உன் வேலை என்று ஒழுங்காக இருந்ததை நீதான் கெடுத்தாய். ஒரு பழைய கமராவையும், தண்ணீர் புகாமல் அதை அடைக்கும் பெட்டியையும் எங்கிருந்தோ வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கடுகண்ணாவைக்குக் கீழே ஓர் ஓடையில் போய்ப் படுத்தாய். உனக்கு நீந்தவும் தெரியாது. முழங்கால் தண்ணீரில் எருமை மாதிரிக் கிடப்பாய். நான் பாறையில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டே உன்னைக் கேலி செய்வேன்.

உன் மச்சான் கட்டாரிலிருந்து லீவில் வருவதாக இருந்தபோதுதான், தண்ணீருக்குள் அடிக்கிற லைட்டை அவரிடம் கொண்டுவரச் சொல்லலாம் என்று பேச்சு வந்தது. "அண்ணே, ஸ்ட்ரோப் ரெண்டு வாங்கவா, வீடியோ லைட் ஒண்ணு வாங்கவா?" என்று ஸ்டூடியோவில் வந்து கேட்டாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீடியோ லைட் எரிந்துகொண்டே இருக்கும், நிழல் எங்கே விழுகிறது என்று முன்கூட்டியே பார்க்கலாம். ஸ்ட்ரோப் பளிச்சென்று ஒரு தரம் அடித்து அணைந்துவிடும், படம் விழுந்த பிறகுதான் பிழை தெரியும் என்றெல்லாம் அரை மணி நேரம் விளக்கினேன். நீ தலையாட்டிக் கேட்டாய். டீயும் குடித்தாய். அடுத்த மாதம் ஸ்ட்ரோப் இரண்டோடு வந்து நின்றாய்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. கடையில திடீர்னு லைட்டப் போட்டா மீனெல்லாம் பயந்து வெளிறிப் போகும். நிறம் திரும்ப நேரமாகும். எரியிற லைட்டோட போனா வெளிறின மீனத்தான் எடுக்கணும். இது அடிச்சது மீனுக்குத் தெரியிறதுக்குள்ள படம் விழுந்துரும்."

மீன் கடைக்காரன் எனக்கு வெளிச்சம் சொல்லித் தருகிறானே என்று எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலில் நானே ஒரு வீடியோ லைட்டை வாங்கி அலுமாரியில் வைத்தேன்.

பிறகு அந்தப் படத்தை எடுத்தாய். வெற்றிலை சப்புகிறவன் என்று சிங்களத்தில் பேர் வாங்கிய சின்ன மீன். சேரும் காலத்தில் ஆண் மீனின் தலை வெற்றிலை போட்ட வாய் மாதிரிச் சிவந்து, பின்பாதி கறுத்துவிடும். அதைப் பெரிதாக அச்சடிக்க என்னிடமே கொண்டுவந்தாய். என் மெஷினிலிருந்து அது மெதுவாக வெளியே வரும்போது எனக்கு வயிறு எரிந்தது. அந்தச் சிவப்பும் கறுப்பும் துளி குறையாமல், நடுவில் தண்ணீர் இருக்கிறதா என்றே சந்தேகப்படும்படி இருந்தது. அப்படி ஒரு படம் நான் எடுத்ததில்லை. "கொஞ்சம் இருட்டா இருக்கு" என்றேன். நீ சுருட்டி எடுத்துக்கொண்டு போனாய். டவுனில் ஒரு கண்காட்சியில் அதன் முன்னால் கூட்டம் நின்றது. யாராவது என்னிடம் கேட்டால், நம்ம பையன்தான், நான்தான் பழக்கினேன் என்று சொல்லித் திரிந்தேன்.

இனி எழுதப்போவதை உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். மலைப் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் மேனேஜர் உன்னைத் தேடி என்னிடம் வந்தார். "அந்த மீன் படம் எடுத்தவரத் தெரியுமா? எங்க ஓடையில அதே மாதிரி ஆறு படம் எடுத்து வரவேற்பு மண்டபத்துல மாட்டணும்." உன் கடை என் ஸ்டூடியோவிலிருந்து பஸ்ஸில் பதினைந்து நிமிடம். நான் சொன்னேன்: "அவர் வெளி வேல எடுக்கிறதில்ல. நான் செஞ்சு தாறேன்."

அலுமாரியில் இருந்த வீடியோ லைட்டோடும், கமராவுக்கு வாடகைக்கு எடுத்த தண்ணீர்ப் பெட்டியோடும் ஹோட்டல் ஓடைக்குப் போனேன். வெயிலில் அதன் வெளிச்சம் எடுபடவேயில்லை. மரநிழலில் எடுத்தால் கமராவுக்கும் மீனுக்கும் நடுவே மிதந்த தூசியெல்லாம் வெள்ளை வெள்ளையாக விழுந்தது. மீனோ அவித்து எடுத்த மாதிரி வெளிறிக் கிடந்தது. இரண்டு நாள் அலைந்துவிட்டு, வெட்கம் கெட்டு உன்னிடமே வந்தேன். சும்மா ஓர் ஆசைக்கு எடுத்துப் பார்க்கிறேன் என்று பொய் சொன்னேன்.

நீ ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. வெறும் தொட்டி ஒன்றில் தண்ணீர் நிரப்பி, வீட்டிலிருந்து அரிசி கழுவிய தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி ஓடைத் தண்ணீர் மாதிரிக் கலக்கி, பிளாஸ்டிக் மீன் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, உன் ஸ்ட்ரோப் இரண்டையும் பக்கத்தில் வைத்தாய். "கல்யாண வீடு மாதிரி நேரா மூஞ்சில அடிக்காதீங்கண்ணே. ரெண்டு லைட்டையும் அகலமா வைங்க. வெளிச்சத்தோட ஓரம் மட்டும் மீன்ல படட்டும். நடுவுல இருக்கிற தூசிக்கு வெளிச்சமே குடுக்காதீங்க." பிறகு அவற்றைத் துணியில் சுற்றி என் கையில் தந்தாய். உன்னிடமிருந்து பறித்த வேலையை உன் லைட்டிலேயே முடித்தேன். ஆறு படமும் ஹோட்டலில் ஏறின, என் பெயரோடு.

நாலைந்து மாதம் கழித்துப் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க ஸ்டூடியோவுக்கு வந்தாய். கதிரையில் உட்காரவைத்து உன் தாடையைக் கொஞ்சம் உயர்த்தினேன். படம் எடுத்து முடிந்து சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டே, வானிலை பேசுகிற குரலில் சொன்னாய்:

"அண்ணே, அந்த மூணாவது படத்துல இடது லைட்ட இன்னும் வெளிய தள்ளியிருக்கணும். வால்கிட்ட தூசி விழுந்திருக்கு."

சரி என்று தலையாட்டினேன். நீ படியிறங்கிப் போன பிறகுதான் உறைத்தது. அந்தப் படங்களை நான் உனக்குக் காட்டியதே இல்லை. அந்த ஹோட்டல் மண்டபத்தில் படங்களுக்குக் கீழே புதிதாக வைத்த மீன் தொட்டிக்கு மாதாமாதம் மீன் கொண்டுபோய் விடுபவன் நீதான் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மாதாமாதம் என் பெயரின் கீழ் நின்று தொட்டி கழுவியிருக்கிறாய். மேனேஜர் முதலில் யாரைத் தேடி வந்தார் என்பதும் அங்கே உன் காதில் விழுந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்க நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் ஈரலில் நோய் என்றார்கள், பேராதனை ஆஸ்பத்திரி என்றார்கள், முடிந்துவிட்டது. உன் செத்த வீட்டில் வைத்ததும் நான் எடுத்த அந்தப் பாஸ்போர்ட் படத்தைத்தான்.

போன மாதம் அந்த ஹோட்டலில் ஒரு கல்யாணம். வேலை முடிந்து மூன்றாவது படத்தின் முன்னால் நின்று பார்த்தேன். வாலுக்குப் பக்கத்தில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள். யார் கண்ணுக்கும் தெரியாது, என் கண்ணுக்கு அவை மட்டும்தான் தெரிகின்றன. உன் மீன் படத்தின் மேல் இருந்த பொறாமை எப்போதோ ஆறிவிட்டது. தன் வேலையைத் திருடியவனின் படத்துக்கு முன்னால் நின்று, திருட்டை விட்டுவிட்டு வால்பக்கத்துத் தூசியைப் பார்க்க உனக்கு முடிந்ததே, அந்தப் பொறாமைதான் ஆறவில்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தப் படத்தைக் கழற்றி வீசியிருப்பேன்.